பொருத்தனைக்குப் போன மோட்டார் சைக்கிள்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளை என் வீட்டுக்காரர் கடவுளுக்கு நேர்ந்து கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கிற நேரம் எழுந்து நின்று, "இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு என் வண்டிய பொருத்தனையாக் கொடுக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபை கை தட்டியது. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்த நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே.

எனக்கு யாராவது திரும்பிப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், அங்கே எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் போகவில்லை. போதாததற்கு நான் வளர்த்தியும் ஜாஸ்தி. கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட நாலு விரல் கூட இருந்தேன். அதனால் போட்டோவில் குனிந்தே நிற்கிறேன். டெல்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தமிழ்க் கோயிலில் என் குரலைக் கேட்டவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். பாட்டுப் பாடும்போதுகூட வாய் மட்டும்தான் அசைப்பேன்.

அறுப்பின் பண்டிகை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாள் அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். அதை வளாகத்தில் வைத்து ஏலம் போடுவார்கள். டெல்லியில் யாருக்கு என்ன விளைகிறது? முக்கால்வாசிப் பேர் முந்தின நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பூசணிக்காயும் தேங்காயும் வாங்கி, தாங்களே விளைவித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தூக்கி வருவார்கள். எங்கள் வீடு ஒன்றில்தான் நிஜமாகவே விளைந்தது.

அதற்குக் காரணம் அந்த வண்டி. இவர் ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு அதை வாங்கினார். ரோட்டுக்கும் ஆகும், காட்டுக்கும் ஆகும் என்று அதற்குப் பேர். ஒட்டகம் மாதிரி உயரம். டயரில் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகக் கட்டிகள். சேற்றில் இறங்கினாலும் பாறையில் ஏறினாலும் முனகாது. கிக்கரை ஒரு உதை, அவ்வளவுதான், ஜனவரிப் பனியிலும் கிளம்பிவிடும். ஞாயிறு காலையில் பழைய ஏர்போர்ட் நண்பர்களோடு ஆரவல்லிக் குன்றுப் பக்கம் கல்லிலும் முள்ளிலும் ஓட்டப் போய்விடுவார். கோயிலுக்கு மட்டம். மற்ற நாளில் அதே வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் நஜஃப்கட் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போவோம். அங்கே அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து முருங்கை, கத்தரி, கறிவேப்பிலை, புடலை போட்டிருந்தோம். நிலத்துக்காரி என் வயசு ஜாட் பெண்பிள்ளை. ஊரே அவளைத் தாயி, அதாவது பெரியம்மா, என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். டிராக்டர் ஓட்டுவாள், பீடி பிடிப்பாள், என்னைக் கண்டால் முதுகில் ஒரு போடு போடுவாள்.

கிராமத்திலிருந்து நிலத்துக்கு இரண்டரை கிலோமீட்டர் வாய்க்கால் வரப்பு. ஆட்டோ போகாது, இ-ரிக்ஷா கவிழ்ந்துவிடும். அந்த வண்டி மட்டும் போகும். திரும்பும்போது பின்னால் ஒரு மூட்டை முருங்கைக்காய், நடுவில் நான், முன்னால் அவர்.

போன வருஷம் அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம் என்றார்கள். நேரே இருப்பது கொஞ்சம் தெரியும். பக்கவாட்டில் இருப்பதெல்லாம் புகை. டாக்டர், "பாபுஜி, இனி வண்டியைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சாவியை அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தார். வண்டி தாயியின் மாட்டுக் கொட்டகையில் நின்றது. தோட்டத்துக்கு நான் மட்டும் துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்துப் போனேன். வரப்பில் எப்படிப் போகிறாய் என்று கேட்டார். தாயியின் டிராக்டரில் போவதாகச் சொன்னேன்.

பொய். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.

முதலில் நடந்துதான் பார்த்தேன். மூட்டையோடு ஒரு நாள் நடந்ததில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். தாயிதான் கொட்டகைக் கதவைத் திறந்து வண்டியைக் காட்டினாள்.

"அரே, கடி ஹை நா காடி! சலா!"

வண்டி நிற்கிறதே, ஓட்டேன் என்கிறாள். எனக்குச் சைக்கிளே தெரியாது என்றேன். டிராக்டரும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லையாம். தன் மருமகளின் சல்வார் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். வண்டியின் மாற்றுச் சாவி கொட்டகை ஆணியிலேயே தொங்கியது. "தீரே தீரே க்ளச் சோட்", மெதுவாக க்ளச்சை விடு என்று பின்னாலேயே ஓடிவந்தாள். மூன்று தடவை விழுந்தேன், மூன்று தடவையும் புடலங்கொடிப் பக்கம்தான். நாலாவது வாரம் வரப்பு முழுக்கப் போய் வந்தேன்.

அப்போது ஒன்று தெரிந்தது. ஆயுசு முழுக்க நான் குனிந்து குனிந்து மறைத்த வளர்த்தி அந்த சீட்டுக்குச் சரியாக இருந்தது. இவருக்கு ஒரு கால் எட்டி எட்டித்தான் தரையில் படும். எனக்கு இரண்டு காலும் படும். இன்னொன்று, ஹெல்மெட். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்டைக் கூச்சப்படுகிறவர்களுக்காகவே எவனோ செய்திருக்கிறான். அதற்குள் இருந்தால் நான் யாரும் இல்லை. வரப்பில் எதிரே எருமை ஓட்டி வருகிறவனை, "ஹட்டோ பையா!", ஒதுங்கு தம்பி என்று கத்தியிருக்கிறேன். நானா கத்தினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. அவன் என்னை ஆம்பளை என்றே நினைத்து ஒதுங்கி, "ஜி பாய்சாப்", சரி அண்ணே என்றான்.

இவரிடம் ஏன் சொல்லவில்லை? அவர் சாவியை அலமாரியில் வைத்த விதத்தைப் பார்த்தவள் நான். "நீங்கள் ஓட்ட முடியாததை நான் ஓட்டுகிறேன்" என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், ரகசியமாக இருந்ததால் அது ரொம்ப ருசியாக இருந்தது.

கோயிலில் கை தட்டிவிட்டு வந்த அன்று மதியம் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"என்னத்தக் கேக்க? நீயா ஓட்டப்போற?"

நான் ரசம் ஊற்றினேன்.

"மாட்டுக் கொட்டகைல கிடந்து துருப்புடிக்கதுக்கு ஆண்டவருக்காவது உதவட்டும். எத்தன ஞாயித்துக்கிழம அதால கோயிலுக்கு மட்டம் போட்டிருக்கேன். ஐயர் மொகத்தப் பாக்கவே வெக்கமா இருக்கு." எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். "நெலத்தையும் இந்த வருஷத்தோட விட்ருவோம்ட்டி. நீ ஒத்தையில எவ்வளவு காலம் அலைவ?"

வண்டி போனால் தோட்டமும் போகும். தோட்டம் போனால் பிறகு நான் உண்டு, மூன்றாவது மாடி உண்டு, பால்கனியில் துணி உண்டு. அன்றைக்கே முடிவு பண்ணினேன், வண்டியை விடக் கூடாது. ஆனால் கடவுளிடம் போனதை எப்படித் திரும்ப வாங்குவது? ஏலத்தில் எடுத்தால்தான் உண்டு. என் கையிலிருந்த சிறுவாட்டுக்குள் அடங்க வேண்டுமானால் வேறு ஒருவனும் ஆசைப்படக் கூடாது.

வண்டியைச் சின்ன டெம்போவில் ஏற்றி எங்கள் குடியிருப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏலம் கேட்க நினைக்கிறவர்கள் வந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று சபையில் சொல்லியாயிற்று. முதலில் ஒரு பாங்க் அதிகாரி வந்தார். அவர் லிஃப்டில் ஏறி வந்து டீ குடிக்கும்போதே நான் துடைக்கிற துணியோடு கீழே போய்விட்டேன். பெட்ரோல் டாங்கிக்குக் கீழே ஒரு சின்னத் திருகு உண்டு, பெட்ரோல் டேப் என்பார்கள். அதை மூடிவிட்டால் வண்டி உடனே நிற்காது. குழாயில் மிச்சம் இருப்பதைக் குடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஜம்மென்று போகும். பிறகு இருமும். பிறகு படுத்துவிடும்.

எங்கள் கேட்டுக்கு நூறு அடி தள்ளி அது படுத்தது. பாங்க் அதிகாரி வேர்க்க வேர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் கை கொடுத்துத் தள்ளினேன். அந்தக் கை போகிற போக்கில் திருகைத் திறந்துவிட்டது. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து நாலு உதை உதைத்தார். வண்டி கிளம்பியது.

"பாத்தீயளா சார்? ஒண்ணுமே இல்ல. ஓட்டத் தெரியணும்!"

பாங்க் அதிகாரி, "உங்களுக்கு மட்டும்தான் கேக்குது போல அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் காரில் போய்விட்டார்.

அடுத்தது சபைக்காரர்கள் இன்னும் இரண்டு பேர். அதே நூறு அடி. அதற்கடுத்த சனிக்கிழமை, நான் எதிர்பார்க்கவே இல்லை, ஐயரே வந்தார். காலேஜ் நாளில் வண்டி ஓட்டியவராம், ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கட்டுமா என்றார். என் கை ஒரு நிமிஷம் தயங்கியது. ஆனால் அவர் ஓட்டிவிட்டு வந்து பிரசங்கத்தில் வண்டியைப் புகழ்ந்தால்? மூடினேன். வெள்ளை அங்கி இல்லாமல் பேண்ட் சட்டையில்தான் வந்திருந்தார், அந்த மட்டும் பரவாயில்லை. வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தவர், "பரவாயில்லம்மா, தாழ்மை கத்துக்கொடுக்குது" என்றார். அன்றைக்கு இரவு ஜெபத்தில் எனக்கு வார்த்தையே வரவில்லை.

கடைசியாக ஒரு நர்ஸ் பெண் வந்தாள். பாட்டுக் குழுவில் பாடுகிறவள், நாகர்கோவில் பக்கம். ஸ்கூட்டியில் வந்து இறங்கியவள், வண்டியில் ஏறுவதற்கு முன் குனிந்து பார்த்தாள். திருகைத் தொட்டாள். திறந்தாள். நிமிர்ந்து, துணியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தாள். மறுபடி மூடினாள்.

"ஆன்ட்டி, இது எப்பவும் மூடியா கெடக்கும்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான் ஓட்டிப் பாக்கல. வண்டிக்கு வேற எங்கயோ மனசு இருக்கு போல." சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பண்டிகை நாள் வந்தது. கோயில் வளாகத்தில் ஷாமியானாப் பந்தல் போட்டு, ஒரு பக்கம் பூசணி, வாழைத்தார், கேக், கால் கட்டின சேவல். நடுவில் டெம்போவிலிருந்து இறக்கிய எங்கள் வண்டி. கண்ணாடியில் யாரோ சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்கியது. ஏலம் போடுகிறவர் சபைச் செயலர், தூத்துக்குடிக்காரர், மைக் கிடைத்தால் விடமாட்டார். பூசணி நல்ல விலைக்குப் போனது. எடுத்தவர் அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுக்க, மறுபடி ஏலம் விட்டார்கள். சேவலுக்கு அடிதடி. வண்டியின் முறை வந்ததும் ஷாமியானா அமைதியாகிவிட்டது.

"என்ன, ஒருத்தரும் கேக்கலியா? அண்ணாச்சியோட வண்டி, ரோட்டுக்கும் ஆகும் காட்டுக்கும் ஆகும்."

"கேட்டுக்கும் ஆகுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல், எங்கள் கேட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்தப் பூசணிக்காய் என்ன விலைக்குப் போச்சோ, அதே விலைக்கு நான் எடுத்துக்கிடுதேன். கோழிக்கூடு பண்ணலாம்!" இது பாங்க் அதிகாரி. இன்னும் சிரிப்பு.

நான் நினைத்தது நடந்துவிட்டது. பூசணிக்காய்க்கு மேலே ஒரு ரூபாய் சொன்னால் வண்டி எனக்கு. அந்த ஒரு ரூபாயை நர்ஸ் பெண்ணை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று திரும்பினேன். அப்போது முன்வரிசையில் இருந்த இவரைப் பார்த்தேன். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"ஒம்பது வருஷம்..." என்றார். "ஒம்பது வருஷத்துல ஒரு தடவ நடுவழியில நின்னதில்ல. நான் பொய் சொல்லல. கெட்டுப்போனத நான் ஆண்டவருக்குக் கொடுப்பனா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் உட்காரவும் இல்லை.

எழுந்து போனது எனக்கே நினைவில்லை. ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டியதுதான் நினைவு இருக்கிறது. சேலையை இழுத்துச் செருகினேன். திருகைத் திறந்தேன். ஏறி ஒரு உதை. அந்தச் சத்தம் ஷாமியானாவைத் தூக்கியது. சேவல் கத்தியது. கோயிலைச் சுற்றி மண்பாதையில் முதல் கியர், இரண்டாவது கியர், பின்பக்கம் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் மேலேயே ஏற்றி இறக்கினேன். இரண்டாவது சுற்றில் சாமந்தி மாலை பறந்துபோய் யார் மேலேயோ விழுந்தது.

திரும்பி வந்து நிறுத்தினபோது அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். வாய் பிளந்த முகங்கள். சேலையைப் பார்த்தே தெரிந்திருக்கும். இவருக்கு மட்டும் தெரியவில்லை. அவருக்குப் புகையில் ஒரு உருவம்.

"யாரு ஓட்டுதா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "யாரோ நம்ம சபைதான் அண்ணாச்சி" என்றார்.

"நல்ல பழகின கை. ஜல்லில ஏத்தினத பாத்தீயளா? சத்தமே சொல்லுது."

இதைக் கேட்டு நான் ஹெல்மெட்டுக்குள் சிவந்தேன்.

ஏலம் சூடு பிடித்தது. பாங்க் அதிகாரி கோழிக்கூட்டை மறந்துவிட்டுக் கையைத் தூக்கினார். இன்னும் இரண்டு பேர் ஏற்றினார்கள். நான் வண்டி மேல் உட்கார்ந்தபடியே ஏற்றினேன். ஆமாம், நானே, என் வாயால். பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. அப்போது முன்வரிசையிலிருந்து இன்னொரு குரல், எனக்கு மேலே ஏற்றியது.

என் வீட்டுக்காரர்.

அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டபிறகு அவரால் விட முடியவில்லை. கொடுத்தவரே திரும்பக் கேட்கிறார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். செயலர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் எடுத்தால் வண்டி எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தத் திருகால் கடவுளுக்கு நான் எவ்வளவு நஷ்டம் பண்ணியிருக்கிறேன்? ஐயரை வெயிலில் தள்ளவைத்த பாவம் வேறு. அதை யாரிடமிருந்தாவது வசூல் பண்ணிக் கட்ட வேண்டாமா? ஆண்டவருக்கு என்று எழுந்து நின்று சொன்னவர் கையிலிருந்தே வசூலிப்பதுதான் நியாயம். ஏற்றினேன்.

அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன்.

"எவன்வே அவன்?" என்று பல்லைக் கடித்தார். மறுபடி ஏற்றினார்.

"பானைக்குள்ள இருக்கவரு விடமாட்டாரு போலயே! அண்ணாச்சி, அசராதீங்க!" என்று செயலர் எண்ணெய் ஊற்றினார். நர்ஸ் பெண் பாட்டுக் குழுவின் மறைவில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நல்ல கடையில் அந்த வண்டிக்கு என்ன கிடைக்குமோ அந்த இடத்துக்கு வந்ததும் என் மனசு லேசாயிற்று. பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம். சபை கை தட்டிய தட்டில் ஷாமியானாக் கம்பு ஆடியது.

இவர் நேரே என்னிடம் வந்தார்.

"ஏந்தம்பி, கண்ணு தெரியாத கெழவன்கூடவா போட்டி போடுவ?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஒரு சாண் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏட்டி... நீயா?"

"ம்."

"எங்கிட்டயா ஏலத்த ஏத்துன? நம்ம வீட்டுப் பணம்ட்டி அது!"

"ஆண்டவருக்குன்னு சொல்லித்தான எந்திரிச்சீய. முழுசாக் கொடுங்க."

ஹெல்மெட் இல்லாமல் அத்தனை பேர் முன்னால் நான் பேசின முதல் பேச்சு அதுதான். அவர் ஒரு கையால் டாங்கியைத் தடவினார். "ஜல்லில நீதான் ஏத்துனியா?" என்று மட்டும் மறுபடி கேட்டார். நான்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஐயர் வந்து என் கையைக் குலுக்கினார். "அம்மா ஓட்டினா மட்டும் எப்படிம்மா ஓடுது?" என்று கேட்டார். ஜெபம்தான் ஐயா என்று சொல்லிவிட்டேன். திருகைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

எனக்கு அப்போது லைசென்ஸ் இல்லை, ரோட்டில் ஓட்டக் கூடாது. அதனால் வண்டியை மறுபடி டெம்போவில் ஏற்றினோம். டிரைவர் பக்கத்தில் உட்கார இவர் சம்மதிக்கவில்லை. பின்னால் வண்டியோடு ஏறிக்கொண்டார். அவர் ஒரு பக்க ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். துவாரகா வரும் வரை வாய் ஓயவில்லை.

"செகண்ட்லருந்து தேர்டுக்கு மாத்தையில க்ளச்ச இன்னும் கொஞ்சம் அமுக்கணும். படக்குன்னு விடுத. சத்தத்துலயே தெரியுது. வரப்புல திரும்பையில பிரேக்க நம்பாத, கியர நம்பு. கேக்குதா?"

"கேக்குது."

"லைசென்ஸுக்கு நாளைக்கே எழுதிப்போடணும். பரீட்ச இந்தில வரும், படத்தப் பாத்துச் சொல்லணும். நான் சொல்லித் தாரேன்."

"சரி."

மேம்பாலத்தில் ஏறி இறங்கியதும் ஹேண்டிலைத் தட்டினார்.

"ஏட்டி, நெலத்த விட்ருவோம்னு சொன்னேம்லா?"

"ஆமா."

"தாயிக்கு ஒரு போன் போட்டு, விடலன்னு சொல்லிரு."

"அத நீங்க சொன்ன அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றேன்.